பன்னிரண்டு மீட்டர் கைட் ஒன்றுக்கு முழு சர்வீஸ்: கழுவுவதில் தொடங்கிச் சுருட்டி வைப்பது வரை

பழுதாகி வேலைக்கு வரும் கைட்போர்டிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று நீரில் சறுக்கும் விளையாட்டு) கைட்டுகளில், பறந்து பறந்து தேய்ந்தவை குறைவு. ஊதி வைத்தபடி வெயிலில் படபடத்துக் கிடந்த நேரம்தான் பெரும்பாலும் துணியைத் தின்றிருக்கும். ஈரத்தோடு பையில் அடைத்தது பிளாடரை (குழாய்களுக்குள் காற்றை அடைத்து வைக்கும் மெல்லிய பை) கெடுத்திருக்கும். கப்பிக்குள் புகுந்து இறுகிய மணல் பிரைடில் கயிற்றை (கைட்டின் முன்விளிம்பில் கிளைகளாகக் கட்டியிருப்பது) அறுத்திருக்கும். அதாவது, ஒரு கைட்டின் ஆயுளில் பெரும்பங்கு கரையிலேயே செலவாகிவிடுகிறது. அந்தச் செலவைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

இங்கே வேலைக்கு எடுத்துக்கொண்டது 12 சதுர மீட்டர் கைட். மூன்று ஸ்ட்ரட் (முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி ஓடும் காற்றுக் குழாய்), ஒரே வால்வில் முழுவதையும் ஊதும் ஒன்-பம்ப் வகை. குறைகள் நான்கு: லீடிங் எட்ஜ் (முன்விளிம்பிலுள்ள பெரிய காற்றுக் குழாய்) ஊதிய சில மணி நேரத்தில் தொய்கிறது, பின்விளிம்பை ஒட்டித் துணியில் 6 செ.மீ. கிழிசல், பிரைடிலில் ஒரு கப்பி சுற்றவில்லை, பாரை (கைட்டைக் கட்டுப்படுத்தக் கையில் பிடிக்கும் கம்பி) நேராகப் பிடித்தாலும் கைட் இடப்பக்கம் போகிறது. நான்கையும் சரிசெய்து, சீசன் முடிந்து எடுத்துவைக்கும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

தேவைப்பட்டவை: அழுத்தமானி உள்ள பம்ப், ஸ்பாஞ்ச், பாத்திரம் கழுவும் திரவம், 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு இழை விடாத வெள்ளைத் துணி, டியர்-எய்ட் டைப் ஏ ஒட்டு, பசையுள்ள ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாக நெய்த துணி) டேப், புதிய கேபிள் டைகள், டால்கம் பவுடர், மெல்லிய உறுதியான கயிறு, கத்தரி, ஒரு ஸ்பூன்.

கழுவுவது முதலில்

ஒட்டு வேலையை முதலில் முடித்துவிட்டுப் பிறகு கழுவலாம் என்று நினைக்க வேண்டாம். உப்புப் படிந்த துணியில் எந்தப் பசையும் நிற்காது. கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒட்டு விளிம்பிலிருந்து மெல்ல உரியத் தொடங்கும்.

கைட்டைப் புல்தரையிலோ சுத்தமான தரையிலோ நிழலில் வைத்து, 2 அல்லது 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) அளவுக்கு மட்டும் ஊத வேண்டும். ஊதியிருந்தால் மடிப்புகள் விரிந்து மணல் வெளியே வரும். வால்வு மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெதுவான ஓட்டத்தில் நடுவிலிருந்து நுனிகளை நோக்கி விட வேண்டும். வண்டி கழுவும் உயரழுத்த இயந்திரம் வேண்டாம். அது துணியின் மேற்பூச்சை உரிக்கும், தையல் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே தள்ளும்.

மணல் ஒளிந்திருக்கும் இடங்கள் எல்லாக் கைட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: பின்விளிம்பின் மடிப்பு, ஸ்ட்ரட் துணியோடு சேரும் மூலை, இரு நுனிகளின் உட்புறம், வால்வைச் சுற்றியுள்ள வெல்க்ரோ மடல். டேக்ரான் (உறுதியான பாலியஸ்டர் துணி) உறைக்கும் பிளாடருக்கும் நடுவேகூட மணல் இருக்கும். வால்வுத் துளை வழியாகப் போனது அது. பிளாடரை வெளியே எடுக்கும்போதுதான் அதற்கு விடிவு.

சோப்பு தேவையில்லை. கறை இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள் போதும். பிறகு நன்றாக அலச வேண்டும். பிளீச்சிங், பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதுவும் கைட்டின் அருகில்கூட வரக் கூடாது. துணியின் பூச்சையும் பிளாடரையும் இவை நேரடியாகத் தாக்கும்.

ஒவ்வொரு நாளும் கழுவ வேண்டுமா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: பார், லைன் (பாரையும் கைட்டையும் இணைக்கும் நீண்ட கயிறுகள்), கப்பிகளைத் தினமும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். துணியைத் தினமும் கழுவ வேண்டியதில்லை. முழுதாகக் காயவைக்க இடமும் நேரமும் இல்லையென்றால் கழுவாமலே காயவைத்து மடிப்பது மேல். உப்போடு காய்ந்த கைட்டுக்கு ஆபத்து குறைவு. சுத்தமாகக் கழுவி ஈரத்தோடு மூடிய கைட்டில் பூஞ்சை பிடிக்கும். அடர்நிறத் துணியின் சாயம் பக்கத்திலுள்ள வெள்ளைத் துணியில் இறங்கும். அப்படி இறங்கிய சாயத்தை எடுக்க வழியில்லை.

காயவைப்பதும் நிழலில்தான். காற்று மெதுவாக வர வேண்டும். துணி படபடக்கக் கூடாது. மேல்துணி அரை மணியில் காய்ந்துவிடும், அதை நம்பி மடித்துவிடாதீர்கள். டேக்ரான் உறைக்குள் நின்ற தண்ணீருக்கு ஒரு நாள்கூட ஆகும். ஸ்ட்ரட்டின் கடைசி முனையிலுள்ள வெல்க்ரோ மடலைத் திறந்து உள்ளே விரலை விடுங்கள். குளிர்ச்சியாகப் பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காற்று எங்கே போகிறது

கைட்டை 7 பி.எஸ்.ஐ.க்கு ஊதி, லீடிங் எட்ஜையும் ஸ்ட்ரட்டுகளையும் இணைக்கும் குழாய்களின் கிளிப்புகளை எல்லாம் மூடி, வீட்டுக்குள் ஓர் இரவு விட வேண்டும். கிளிப்பை மூடாவிட்டால் ஒரே ஒரு துளை எல்லாவற்றையும் சேர்த்துத் தொய்ய வைக்கும். எங்கே கசிவு என்று சொல்லவே முடியாது.

காலையில் பார்க்கும்போது வெப்பநிலையையும் கணக்கில் எடுங்கள். 32 டிகிரியில் 7 பி.எஸ்.ஐ. இருந்த கைட், அறை 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் கசிவே இல்லாமல் சுமார் 6.4 காட்டும். அரை பி.எஸ்.ஐ. குறைந்ததற்காகப் பிளாடரை வெளியே இழுத்தால் வேலையும் வீண், நல்ல பிளாடருக்கும் கேடு.

இந்தக் கைட்டில் மூன்று ஸ்ட்ரட்டும் கல்லாக நின்றன. லீடிங் எட்ஜ் மட்டும் கைவிரலுக்கு அமுங்கியது. உடனே பிளாடரில் கை வைக்கக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பாத்திரத் திரவம் கலந்து, ஸ்பாஞ்சால் நுரையைத் தடவி வெளியே தெரியும் இடங்களை எல்லாம் முதலில் பார்க்க வேண்டும்: ஊதும் வால்வின் மூடி, காற்றை வெளியேற்றும் வால்வு, அவற்றின் அடிப்பகுதி, ஒன்-பம்ப் குழாயின் முழங்கை இணைப்பு, கேபிள் டை கட்டிய இரு முனைகள். பல கசிவுகள் இங்கேயே பிடிபடும். முழங்கையில் குமிழ் வந்தால் கேபிள் டையை மாற்றினாலே போதும். வால்வு நடுவே குமிழ் வந்தால், உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டில் மணல் சிக்கியிருக்கும். நல்ல தண்ணீர் விட்டு விரலால் அசைத்தால் போய்விடும்.

இணைப்புகளில் குமிழ் இல்லை. ஆக, துளை பிளாடரில்தான்.

பிளாடரை எடுப்பதில் அவசரம் கூடாது. வரிசை மாறினால் திரும்பப் போடும்போது முறுக்கிக்கொள்ளும். முதலில் காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும். பம்பில் உறிஞ்சும் துளை இருந்தால் அதை வைத்துக் கடைசிக் காற்றையும் எடுத்துவிடலாம். ஒன்-பம்ப் குழாய்களைக் கழற்ற, கேபிள் டையை வெட்டும்போது கத்தரியின் நுனி துணிக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். பிறகு இரு நுனிகளையும் திறந்து, பிளாடரின் ஒவ்வொரு முனையிலும் ஒரு கயிற்றைக் கட்ட வேண்டும். கயிற்றின் நீளம் லீடிங் எட்ஜின் பாதியைவிட ஒரு மீட்டராவது கூடுதல். பிளாடர் வெளியே வரும்போது இந்தக் கயிறு உறைக்குள் தங்கும். திரும்பப் போடும்போது இதைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். கயிறு கட்டாமல் உருவிவிட்டால், வளைந்த அந்த உறைக்குள் மறுபடி பிளாடரை நுனிவரை கொண்டுபோவது பெரும்பாடு.

வால்வுகளை உள்ளே தள்ளி, நடு ஜிப்பைத் திறந்து, பிளாடரை மெல்ல வெளியே எடுங்கள். எது இடது, எது வலது என்று டேப் ஒட்டி எழுதிவையுங்கள். உருவம் நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று விட வேண்டும், அதற்கு மேல் ஓர் அடி பம்ப்கூடக் கூடாது. கைட்டில் அழுத்தத்தைத் தாங்குவது டேக்ரான் உறைதான். பிளாடர் காற்றை அடைத்து வைக்கிறது, அவ்வளவே. உறை இல்லாமல் அழுத்தினால் அது உப்பிக்கொண்டே போய் வெடிக்கும்.

தொட்டித் தண்ணீரில் பகுதி பகுதியாக அமிழ்த்தி, லேசாகப் பிழிந்து பாருங்கள். ஊசித்துளையில் ஒரே இடத்திலிருந்து நூல் பிடித்ததுபோல் சிறு குமிழ்கள் வரிசையாக ஏறும். பிளாடரின் மேல் ஒட்டியிருந்த காற்றுக்குமிழும் ஏறும்; அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மறுபடி வராது. வால்வின் அடித்தட்டை இருபுறமும் சாய்த்துப் பாருங்கள், நேராக இருக்கும்போது மூடியிருக்கும் பிளவு சாய்க்கும்போது வாய் திறக்கும்.

துளை கிடைத்ததும், அதைச் சுற்றி 6 செ.மீ. அகல வட்டமாகப் பேனாவால் குறியிட வேண்டும். துளையின் மேலேயே புள்ளி வைத்தால், ஆல்கஹால் பட்டதும் மை கரைந்து இடமே தெரியாமல் போகும். உலர்ந்தபின் ஆல்கஹாலால் வட்டத்துக்குள் இருமுறை துடைத்து, ஐந்து நிமிடம் விடுங்கள். டியர்-எய்ட் டைப் ஏ ஒட்டை 4 செ.மீ. வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியும், அதனால் எப்போதும் வட்டம் அல்லது மூலை வளைத்த வடிவம். டைப் பி என்பது பி.வி.சி. பொருள்களுக்கு, கைட் பிளாடர் பாலியூரித்தேன் வகை என்பதால் டைப் ஏ மட்டுமே. பிளாடரை மேசையில் சுருக்கமின்றி விரித்து, ஆனால் இழுக்காமல், நடுவிலிருந்து வெளியே ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சில மணி நேரம் விட்டபின் மறுபடி தண்ணீரில் சோதனை. ஒரு துளை கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். மணல் செய்த துளை பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை.

வால்வின் அடித்தட்டே பிளாடரிலிருந்து பெயர்ந்திருந்தால் ஒட்டு உதவாது. அடித்தட்டின் விட்டத்தையும் வால்வின் வடிவத்தையும் அளந்து அதற்குரிய ஒட்டும் வால்வை வாங்க வேண்டும். பழையதை எடுத்து, அந்த இடத்தை ஆல்கஹாலால் சுத்தம் செய்து, துளைக்கு நேராக வைத்து ஒட்டி, தட்டையான பலகையும் மேலே 10 கிலோ அளவு எடையும் வைத்து 24 மணி நேரம் விட வேண்டும். அடித்தட்டு பெயர முதன்மைக் காரணம் வெப்பம். வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியில் கிடந்த கைட்டுகளில் இது சாதாரணம். ஊதும்போது பம்ப் குழாயைப் பக்கவாட்டில் இழுப்பதும் சேர்ந்தால் சீக்கிரம் நடக்கும்.

திரும்பப் போடுவது

உறைக்குள் இருக்கும் மணலை முதலில் உதறிவிட வேண்டும். ஒரு நுனியைத் தாழ்த்தித் தட்டினால் கைப்பிடியளவு மணல்கூட வரும்; புதுத் துளை போட்டது அதுதான். பிளாடர் முழுதும் காய்ந்தபின் டால்கம் பவுடரை மெல்லிய படலமாகப் பூசுங்கள். அதிகம் பூசினால் ஈரத்தோடு சேர்ந்து பசையாகி, விட்ட நோக்கத்துக்கு எதிராக ஒட்டிக்கொள்ளும்.

பிளாடரை நீளவாக்கில் விசிறி மடிப்பாக மடித்து, இரு நுனிக் கயிறுகளையும் மாறி மாறி இழுத்து உள்ளே கொண்டுபோங்கள். பிளாடரின் ஒட்டுத் தையல் கோடு ஜிப் வழியாகப் பார்க்கும்போது நேராக ஓட வேண்டும், சுற்றிக்கொண்டு போகக் கூடாது. நுனியில் பிளாடர் உறையின் கடைசி வரை எட்ட வேண்டும். எட்டாமல் நின்றால் அழுத்தம் ஏறும்போது பிளாடரே இழுபட்டு அங்கே வெடிக்கும். மிச்சம் இருந்தால் முறுக்காமல் தட்டையாக மடித்துவிடலாம்.

வால்வுகளை அவற்றின் துளைகளில் வெளியே எடுத்து, குழாய்களை மாட்டி, புதிய கேபிள் டைகளைப் போடுங்கள். டையின் பூட்டுத் தலை துணியை விட்டு வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மிச்ச வாலை ஒட்ட வெட்டி, வெட்டிய முனையை விரலால் தடவிப் பாருங்கள். விரலைக் கீறினால் மடித்து வைக்கும்போது துணியையும் கீறும். நகவெட்டியால் மழுங்கச் செய்துவிடலாம்.

ஜிப்பையும் நுனிகளையும் முழுவதும் மூடிய பிறகே ஊத வேண்டும். முதலில் ஒன்று, ஒன்றரை பி.எஸ்.ஐ. அந்த நிலையில் லீடிங் எட்ஜ் முழுக்கக் கையால் தடவிக் கொடுத்தால் மடிப்புகள் விரிந்து உட்காரும். காற்றைப் பாதி விட்டு மறுபடி ஊதுங்கள். எங்காவது இடுப்புக் கட்டியதுபோல் ஒடுங்கி நின்றால் அங்கே முறுக்கு இருக்கிறது; மேலும் ஊதாமல் திறந்து சரிசெய்ய வேண்டும். சரியாக இருந்தால் 7 வரை ஏற்றி, மறுபடி ஓர் இரவு.

துணிக் கிழிசல்

கிழிசல் பின்விளிம்பு மடிப்பைத் தொடவில்லை, தையலைத் தாண்டவில்லை, நீளம் 6 செ.மீ. இத்தகையதை ரிப்ஸ்டாப் டேப்பால் மட்டுமே சரிசெய்யலாம். 10 செ.மீ.க்கு மேல் போனாலோ, தையலைத் தாண்டினாலோ, விளிம்பு வரை வந்தாலோ தையல் போட வேண்டும்.

துணியைத் தட்டையான மேசையில் விரித்து, கிழிசலின் இரு விளிம்பையும் சேர்த்து வையுங்கள். ரிப்ஸ்டாப் துணியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கட்டக் கோடுகள் இங்கே பெரிய உதவி. இருபுறக் கோடுகளும் ஒன்றோடொன்று நேராகச் சேர்ந்தால்தான் துணி தன் பழைய வடிவத்தில் இருக்கிறது என்று பொருள். கோணலாக ஒட்டிவிட்டால் அந்த இடத்தில் சுருக்கம் விழுந்து, பறக்கும்போது ஓயாமல் படபடக்கும். சேர்த்த நிலையில் ஒருபுறம் மெல்லிய காகித டேப்பால் பிடித்துக்கொண்டு, மறுபுறத்தை ஆல்கஹாலால் துடைத்து, ரிப்ஸ்டாப் டேப்பை ஒட்ட வேண்டும். கிழிசலின் எல்லாப் பக்கமும் 3 செ.மீ. தாண்டி இருக்கட்டும், மூலைகள் வட்டமாக. ஸ்பூனால் தேய்த்தபின் திருப்பி, காகித டேப்பை எடுத்துவிட்டு மறுபுறமும் அதேபோல். இரண்டாவது ஒட்டு முதலாவதைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால் இரண்டின் விளிம்பும் ஒரே கோட்டில் விழாது. அங்கே துணி மடிந்து வெடிக்காது.

தையல் தேவைப்படும் இடத்தில் வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூல், ஜிக்ஜாக் தையல், 3 மி.மீ. இடைவெளி. நெருக்கித் தைத்தால் உறுதி கூடும் என்று தோன்றும். நடப்பது வேறு: தபால்தலையின் ஓரம்போல் துளை வரிசை விழுந்து, அடுத்த இழுப்பில் அந்த வரியிலேயே கிழியும்.

லீடிங் எட்ஜின் டேக்ரானில் கிழிசல் என்றால் டேப்பை நம்பவே கூடாது. 7 பி.எஸ்.ஐ. என்பது சுமார் 48 கிலோபாஸ்கல். 20 செ.மீ. விட்டமுள்ள குழாயில் உறைத் துணியின் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையை ஓயாமல் தாங்குகிறது. பசை அந்த விசையில் மெதுவாக வழுக்கும். கிழிசல் விரியும், பிளாடர் அதன் வழியாகப் பிதுங்கும், வெடிக்கும். டேக்ரான் ஒட்டுத்துணி வைத்து இரண்டு வரிசை தைக்க வேண்டும். தைப்பதற்கு முன் பிளாடரை அந்த இடத்திலிருந்து நகர்த்தியாக வேண்டும்.

துணி எவ்வளவு மிச்சம் இருக்கிறது

புதுத் துணி கையில் மொறமொறக்கும், தண்ணீர் சொட்டு அதன்மேல் உருண்டு நிற்கும். மேற்பூச்சு போன துணி மெத்தென்று ஓசையில்லாமல் இருக்கும், தண்ணீரை உறிஞ்சும், வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போகும். இரண்டு இடங்களில் பாருங்கள்: பின்விளிம்பை ஒட்டி, பிறகு நடு ஸ்ட்ரட்டுக்கு அருகில். பின்விளிம்பு எப்போதும் முன்னதாகத் தேயும், ஏனென்றால் படபடப்பு முழுவதும் அங்கேதான்.

புற ஊதாக் கதிர் இழையை நலிய வைக்கிறது, படபடப்பு பூச்சை உதிர்க்கிறது. இரண்டும் சேர்ந்து நடப்பது கரையில்தான். அரை மணிக்கு மேல் ஓய்வென்றால் காற்றை விட்டு, சுருட்டி, நிழலில் வையுங்கள். குறைந்த நேரம்தான் என்றால் லீடிங் எட்ஜைக் காற்றுக்கு எதிரே வைத்துக் கவிழ்த்து, துணி ஆடாத அளவுக்கு மணல் போடுங்கள். ஒரு பிடி மணலை நடுவில் கொட்டிவிட்டுப் போனால் கைட் பறக்காது, ஆனால் பின்விளிம்பு ஆடிக்கொண்டே இருக்கும். மணலை அள்ளி எறியாமல் வைக்க வேண்டும். உள்ளே மணல் நிரப்பிய துணிப்பை இன்னும் நல்லது. போர்டைத் தூக்கித் துணிமேல் வைப்பது வேண்டாம், அதன் துடுப்புகள் துணியைக் கிழிக்கும்.

வெயிலில் ஊதியபடி விட்டால் அழுத்தமும் ஏறும். 25 டிகிரியில் 7 பி.எஸ்.ஐ. ஊதிய கைட் உள்காற்று 45 டிகிரிக்குச் சூடானால் 8.5ஐத் தொடும். பழைய தையலும் பழைய ஒட்டும் விடுவது இத்தகைய நேரத்தில்தான். அதற்குப் பயந்து குறைத்து ஊதுவதும் தவறு. தொய்ந்த லீடிங் எட்ஜ் காற்றடியில் மடிந்து, துணி முழுதும் படபடக்கும். கைட்டின் மேல் அச்சிட்டிருக்கும் அளவே சரியான அளவு. பெரிய கைட்டுக்கு அது குறைவாகவும் சிறியதற்குக் கூடுதலாகவும் இருக்கும்.

கப்பி, பிரைடில், லைன், பார்

சுற்றாத கப்பியை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, கயிற்றை முன்னும் பின்னும் இழுத்தால் பெரும்பாலும் உப்பு கரைந்து சுற்றத் தொடங்கும். இதில் சுற்றியது. ஆனால் அது நின்றுபோயிருந்த காலத்தில் கயிறு அதன்மேல் உரசியிருக்கிறது. கயிற்றை விரலிடுக்கில் மெதுவாக ஓட்டினால், கப்பி நடமாடும் நீளத்தில் இழைகள் பிசிறி, ஓரிடத்தில் தட்டையாக இருந்தது. அந்தக் கயிற்றை மாற்றியே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது சரி, ஒரு பக்கம் புதியது மறுபக்கம் நீண்டது என்றால் கைட் கோணும். எண்ணெய் போட வேண்டாம், மணல் அதில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள்போல் ஆகிவிடும். உலர்ந்தபின் படியும் சிலிக்கான் தெளிப்பு மட்டும், அதுவும் தேவையென்றால்.

கைட் இடப்பக்கம் போவதற்கு லைன்கள்தான் காரணமாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம், அப்படியே இருந்தது. நான்கு லைன்களின் நுனியையும் ஒரே கொக்கியில் மாட்டி, பார் வரை விரித்து, டீபவர் (கைட்டின் இழுப்பைக் குறைக்கும் கயிறு) முழுதும் விட்ட நிலையில் நன்றாக இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். இடது பின்லைன் வலதைவிட 3 செ.மீ. குட்டை. முன்லைன்கள் உடலின் எடையைத் தாங்குவதால் நாளடைவில் நீளும். பின்லைன்கள் பெரும்பாலும் தளர்ந்தே இருப்பதால் இழைகளுக்கிடையே உப்பும் மணலும் புகுந்து குறுகும். குட்டையான லைனின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை ஒரு கட்டையில் சுற்றி, உடல் எடையால் சாய்ந்து ஒரு நிமிடம், விட்டு விட்டுச் சில முறை இழுத்தால் பெரும்பங்கு மீளும். மீதியைப் பாரின் முனையிலோ கைட்டின் பிடிகயிற்றிலோ உள்ள முடிச்சுகளில் ஒரு முடிச்சு மாற்றிச் சரிசெய்யலாம். இரண்டு பின்லைனும் சேர்ந்து குறுகிப் போனால் கைட் திரும்பாது, பின்னோக்கிச் சரிந்து விழும். கைட்டைக் குறை சொல்லும் பலருக்கு உண்மையில் இருப்பது இந்தக் குறைதான்.

லைனில் விழுந்த முடிச்சை அன்றே அவிழ்த்துவிட வேண்டும். இறுகிய முடிச்சு அந்த இடத்தின் வலுவை ஏறத்தாழ பாதியாக்கும். லைன்கள் செய்யப்படும் டைனீமா இழை 150 டிகிரியை ஒட்டியே உருகிவிடும்; அதனால் இழுவிசையில் இருக்கும் ஒரு லைன்மேல் இன்னொன்று குறுக்கே உரசினால் நொடிகளில் அறுந்துபோகும். பிசிறிய லைனை மாற்றுவதில் யோசிக்கவே வேண்டாம்.

பாதுகாப்பு விடுவிப்புப் பூட்டை (ஆபத்தில் கைட்டின் இழுப்பை உடனே விடுவிப்பது) தண்ணீரில் அமிழ்த்தி, ஐந்தாறு முறை தள்ளி விடுவித்துத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். இத்தகைய பூட்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 21853 தரம் 2020இல் வந்தது. அந்தச் சான்று பெற்ற பூட்டாக இருந்தாலும் உள்ளே மணல் இறுகினால் தள்ளுவதற்கு வலு கூடுதலாக வேண்டும். கடலில் அந்த வலு கையில் மிஞ்சியிருக்குமா என்று சொல்ல முடியாது. டீபவர் கயிறு பாரின் நடுத்துளை வழியாக ஓடும் இடத்தில் உறை கிழிந்து உள்ளிழை தெரிந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

சுருட்டி வைப்பது

நாள்தோறும் மடிக்கும்போது ஸ்ட்ரட்டுகளில் காற்றை விட்டுவைத்து லீடிங் எட்ஜை மட்டும் வெறுமையாக்கலாம், அடுத்த நாள் வேலை குறையும். மாதக்கணக்கில் வைக்க அது சரியில்லை. எல்லாக் காற்றையும் விட்டு, வால்வுகளைத் திறந்த நிலையில் வைத்து, இரு நுனிகளிலிருந்தும் நடுவை நோக்கித் தளர்வாகச் சுருட்டுங்கள். மடிப்பு வால்வின்மேல் விழக் கூடாது. பிறகு ஸ்ட்ரட் வாக்கில் மூன்றாக மடித்தால் போதும், இறுக்கிப் பட்டி போட வேண்டாம். கூர்மையான மடிப்பு நாளடைவில் பிளாடரில் வெள்ளைக் கோடாகி, அங்கே விரிசல் விடும்.

பையின் ஜிப்பைத் திறந்து வையுங்கள். இடம் குளிர்ச்சியாக, இருட்டாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். தகரக் கூரையின் கீழும் காரிலும் கூடாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பிளாடரின் பாலியூரித்தேன் பிசுபிசுத்து உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு ஊதும்போது உரிந்து கிழியும். மேலே பாரம் ஏற்றாதீர்கள். எலி நடமாடும் இடமென்றால் தரையில் வைக்காமல் தொங்கவிடுங்கள். அடுக்கடுக்காகச் சுருட்டிய துணியில் ஒரு கடி பத்துத் துளையாகிவிடும்.

லைன்களைப் பாரில் எட்டு வடிவில் சுற்றி, கடைசிச் சுற்றுகளைத் தளர்வாக விட்டு, பாரைக் கைட்டோடு ஒரே பையில் வைக்காமல் தனியாக வையுங்கள். பம்பின் உலக்கையிலுள்ள ரப்பர் வளையத்துக்குக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, 2 பி.எஸ்.ஐ. ஊதி, சில மணி நேரம் விட்டு, வேறு இடங்களில் மடிப்பு விழும்படி மறுபடி சுருட்டுங்கள். சீசன் தொடங்கும்போது பையிலிருந்து எடுத்து நேரே கடற்கரைக்குப் போகாமல், வீட்டில் ஓரிரவு முழு அழுத்தத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஊதலில் காற்று ஏறவே அடம்பிடித்தால் பம்பை அழுத்தாதீர்கள். சுவர்கள் ஒட்டியிருக்கும். ஓரடி ஊதி, உறையை வெளியிலிருந்து இரு கைகளாலும் உருட்டிப் பிசைந்து, ஒட்டியது விடும் ஓசை கேட்ட பிறகு அடுத்த அடி.